மூடிய இலையும் முதிருங் கலமும்
விற்றமின் ஏ அமிலமும் கலவளர்ப்பு ஆராய்ச்சியும் பற்றிய ஒரு பாடம்

வெள்ளவத்தைச் சந்தையிலோ கொட்டாஞ்சேனைச் சந்தையிலோ காலை வேளையிற் கீரைக்கட்டு வாங்கும் எவரையேனும் நிறுத்தி, "இஃது எதற்கு நல்லது?" என வினவின், "கண்ணுக்கு நல்லது" என்னும் விடை உடனே வரும். முருங்கையிலை, பொன்னாங்காணி, பப்பாசிப்பழம், கரட் ஆகியவற்றிலுள்ள கரற்றீன் என்னும் பொருளை நம் உடல் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளுகின்றது என்பதையும், அவ்விற்றமின் குறைந்தால் மாலைக்கண் தோன்றும் என்பதையும் நாம் கல்லூரியிலேயே கற்றோம். ஆயின், அதே விற்றமினின் வழிவந்த ஓர் அமிலம், கண்ணாடிக் கிண்ணத்தில் வளரும் கலங்களின் போக்கையே மாற்றவல்லது என்பதும், ஒருவகைக் குருதிப் புற்றுநோயைக் குணமாக்குவதில் அஃது இன்று முதலிடம் பெறுகின்றது என்பதும் நம்மிற் பலர் அறியாதவை. அவ்வரலாற்றையும், அவ்வாராய்ச்சி செய்யப்படும் முறையையும் இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

அதற்குமுன் பழைய பாடமொன்றை நினைவூட்டல் வேண்டும். நம் கல்லூரி ஆய்வுகூடத்திற் பயின்ற எவரும் மறவாத பரிசோதனை அது. சாடியில் வளரும் செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்து, பின் ஓர் இலையின் ஒரு பகுதியைக் கறுத்தத் தாளால் மூடி வெயிலில் விடுவோம். மாலையில் அவ்விலையைப் பறித்துக் கொதிநீரிலும் மதுசாரத்திலும் இட்டுப் பச்சையத்தை நீக்கி, அயடீன் துளிகளை விடுவோம். வெயில் பட்ட பகுதி கருநீலமாகும். மூடிய பகுதி ஆகாது. மாப்பொருள் உண்டாவதற்கு ஒளி வேண்டும் என்பதை அறிவித்தது கருநீலமான பகுதி என்றே அன்று எண்ணினோம். உண்மையில் அதனை அறிவித்தது மூடிய பகுதியே. அஃதின்றேல், இலை நீலமானதற்கு ஒளி காரணமோ, நீர் காரணமோ, வேறொன்று காரணமோ எனச் சொல்ல வழியில்லை. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றெல்லாவற்றையும் ஒத்த நிலையில் வைத்து ஒப்பிடுவதே பரிசோதனையின் உயிர். இனிச் சொல்லப்போகும் அனைத்தும் இம்மூடிய இலையின் விரிவுரையே என்க.

1. கொழும்பிற் கண்ட தேரைத்தோல்

1933 ஆம் ஆண்டிலே, கொழும்பிலிருந்த பற்றீரியவியல் நிறுவகத்தின் பணிப்பாளர் இலூசியஸ் நிக்கொல்ஸ் என்பார், ஒரு தோல்நோயைப் பற்றி இந்திய மருத்துவ ஏடொன்றிற் கட்டுரை வரைந்தார். அந்நிறுவகமே பின்னர்ப் பொறளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகமாக வளர்ந்தது. போதிய உணவு பெறாதோரின் முழங்கை, முழங்கால், தொடை முதலிய இடங்களில் மயிர்க்கால்தோறும் கடினமான சிறு முளைகள் எழும்பித் தோல் சொரசொரப்பாவதைக் கண்ட அவர், அதற்குத் தேரையின் தோல் எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். விற்றமின் ஏ குறைவே இதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. இந்நோயுடையாரிற் பலர்க்குக் கண்ணிலும் அக்குறைவின் அறிகுறிகள் இருந்தமையால் அக்கருத்துப் பொருத்தமாகவே தோன்றிற்று.

ஆயினும், பின்வந்த ஆண்டுகளில் தென்னிந்தியாவிலே, சிறப்பாகக் குன்னூரிலிருந்த உணவுச்சத்து ஆராய்ச்சிக்கூடத்தைச் சார்ந்தோர், இந்நோயை மீண்டும் ஆராய்ந்தபோது சிக்கல் தோன்றியது. விற்றமின் ஏ கொடுத்தும் தேரைத்தோல் மாறாதார் பலர் இருந்தனர். தாவர எண்ணெய்களிலுள்ள இன்றியமையாக் கொழுப்பமிலங்களும் பீ வகை விற்றமின்களும் கொடுத்தபோது மாறினார் பலர் இருந்தனர். வறியவன் உணவிலே குறைவது ஒரு பொருளன்று. கீரை குறையுமிடத்து எண்ணெயும் குறையும். எண்ணெய் குறையுமிடத்துப் பாலும் முட்டையும் மீனும் குறையும். நிக்கொல்ஸ் கூர்ந்து நோக்கியவரே. ஆனால் அவர் கண்ட மனிதரிடத்தே மூடிய இலை இல்லை. பல குறைகள் ஒருங்கே அமைந்த உடலிலிருந்து ஒரு காரணத்தைப் பிரித்தெடுத்தல் எத்துணைக் கடினம் என்பதற்கு, நம் நகரிலேயே தோன்றிய இவ்வரலாறு தக்க சான்றாகும்.

ஒரு பொருளை மட்டும் மாற்றி, அதன் விளைவை மட்டும் காணத்தக்க எளிய இடம் ஒன்று வேண்டியிருந்தது. அவ்விடமே வளர்ப்புக் கிண்ணம்.

2. எலியிலிருந்து கிண்ணத்துக்கு

1925 இல் அமெரிக்க அறிஞர்களான வொல்பாக், ஹோவ் என்னும் இருவர், விற்றமின் ஏ அற்ற உணவை எலிகளுக்கு ஊட்டினர். அவற்றின் மூச்சுக்குழாய் முதலிய ஈரமான உள்வழிகளைப் போர்த்திருக்கும் மென்மையான மேலணி இழையம், தோலைப்போலக் காய்ந்து தடித்தது. 1953 இல் கேம்பிரிட்ஜிலே ஒனர் பெல் அம்மையாரும் எட்வர்ட் மெல்லன்பியும் இதற்கு நேர்மாறானதைச் செய்துகாட்டினர். கோழிமுளையத்தின் தோலைச் சிறு துண்டாக எடுத்துக் கிண்ணத்தில் வளர்த்து, ஊடகத்தில் மிகுந்த விற்றமின் ஏ சேர்த்தனர். தோலாகக் காயவேண்டிய இழையம், சளி சுரக்கும் மென்மேலணியாக மாறியது. குறைந்தால் ஈரமானது தோலாகும். மிகுந்தால் தோலானது ஈரமாகும். உடலின் பிற பகுதிகளினின்றும் பிரிக்கப்பட்ட துண்டிலேயே இம்மாற்றம் நிகழ்ந்தமையால், விற்றமின் இழையத்தின்மீது நேரே தொழிற்படுகின்றது என்பது தெளிவாயிற்று.

விற்றமினின் எவ்வடிவம் இத்தொழிலைச் செய்கின்றது? உடலில் அது மூன்று வடிவங்களில் வழங்கும். மதுசார வடிவம் இரெற்றினோல்; கண்ணின் விழித்திரையிற் பார்வைக்கு உதவும் வடிவம் இரெற்றினல்; மூன்றாவது அமில வடிவமாகிய இரெற்றினோயிக்கமிலம். இவ்வமிலம் 1946 இல் ஒல்லாந்திலே செயற்கையாக ஆக்கப்பட்டது. 1960 இல் டௌலிங், வால்ட் என்னும் அறிஞர், விற்றமினுக்குப் பதிலாக இவ்வமிலத்தை மட்டும் எலிகளுக்குக் கொடுத்தனர். எலிகள் கொழுத்து வளர்ந்தன, ஆயினும் குருடாயின. உடலானது அமிலத்தை மீண்டும் இரெற்றினலாக மாற்றமாட்டாது. ஆகவே, பார்வை வேறு, இழையத்தின் வளர்ச்சி வேறு. பின்னதைச் செய்வது அமிலமே என்பது வெளிப்பட்டது. "கண்ணுக்கு நல்லது" என்னும் சந்தை விடை உண்மையின் ஒரு பாதியே.

மற்றப் பாதியின் பொறிமுறை 1987 இல் விளங்கியது. பிரான்சில் ஷம்போன் குழுவினரும் அமெரிக்காவில் எவன்ஸ் குழுவினரும், இவ்வமிலத்தைப் பற்றிக்கொள்ளும் வாங்கிப் புரதத்தைத் தனித்தனியே கண்டறிந்தனர். அப்புரதம் கலத்தின் கருவினுள்ளே பரம்பரையலகுகளின் அருகில் அமர்ந்திருக்கின்றது. அமிலம் வந்து பொருந்தியதும், சில பரம்பரையலகுகள் தொழிற்படத் தொடங்குகின்றன, சில ஓய்கின்றன. இளங்கலம் பெருகுவதை நிறுத்தித் தன் தொழிலுக்குரிய உருவும் செயலும் பெறுகின்றது. இம்முதிர்ச்சியையே வியத்தம் என்பர்.

3. எச்.எல். 60 என்னுங் கலவழி

புற்றுநோய்க் கலம் என்பது பெரும்பாலும் முதிராமற் பெருகும் கலமேயாம். அதனைக் கொல்லாது முதிரச் செய்தல் கூடுமோ? 1977 இல் அமெரிக்காவில் ஒரு குருதிப் புற்றுநோயாளியின் கலங்களிலிருந்து எச்.எல். 60 என்னும் கலவழி நிலைநாட்டப்பட்டது. கிண்ணத்தில் இடையறாது பெருகும் இவ்விளங் கலங்களைக் கொண்டு 1980 இல் பிறைற்மன் குழுவினர் ஒரு முடிவை வெளியிட்டனர். ஊடகத்தில் 1 மைக்குரோமூலர் செறிவில் இரெற்றினோயிக்கமிலம் சேர்த்து 6 நாள் விட்டால், கலங்களில் ஏறக்குறைய 90 வீதமானவை முதிர்ந்த வெண்குழியங்களின் உருவும் செயலும் பெற்றன.

இம்முடிவை ஒரு மாணவன் தானே சோதித்தறிய விரும்பின் செய்யவேண்டுவன யாவை?

அமிலத்தின் மூலக்கூற்று நிறை ஏறக்குறைய 300. ஆகவே 3 மில்லிகிராம் பொருளை 1 மில்லிலீற்றர் இருமெதயில் சல்பொட்சைட்டிற் கரைத்தால், 10 மில்லிமூலர் செறிவுடைய சேமக்கரைசல் கிடைக்கும். அமிலம் நீரில் நன்கு கரையாது. ஆதலின் இக்கரைப்பான் வேண்டியதாகின்றது. சேமக்கரைசலை அதே கரைப்பானாற் பத்து மடங்கு ஐதாக்கி, அதிலிருந்து 10 மைக்குரோலீற்றரை 10 மில்லிலீற்றர் ஊடகத்திற் சேர்த்தால், வேண்டிய 1 மைக்குரோமூலர் வந்துவிடும். கரைப்பானின் பங்கு ஆயிரத்தில் ஒன்றாகும்.

இவ்வமிலம் ஒளிக்கு அஞ்சுவது. வெள்ளொளி பட்டால் அதன் மூலக்கூறு வளைந்து வேறு வடிவங்களாக மாறும். ஆதலின் மஞ்சள் விளக்கின் கீழ்த் தொழில் செய்து, குழாய்களை ஈயத்தாளாற் சுற்றி, சிறு பங்குகளாகப் பிரித்துப் பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகை அல்லது அதனினும் குளிரிற் காத்தல் வேண்டும். உருகி உறைந்த குழாயை மீண்டும் பயன்படுத்துதல் ஆகாது. 2022 இன் நீண்ட மின்வெட்டுக்களை அனுபவித்த நமக்கு, உறைபெட்டி நின்ற நாளைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கவேண்டியதன் தேவையை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

இனிக் கிண்ணங்கள். மில்லிலீற்றருக்கு 200,000 கலங்கள் வீதம் ஒரே கலத்தொகுதியிலிருந்து எடுத்து மூன்று வகைக் கிண்ணங்களில் இடுதல் வேண்டும். முதல்வகையில் ஊடகம் மட்டும். இரண்டாம் வகையில் ஊடகமும் கரைப்பானும். மூன்றாம் வகையில் ஊடகமும் கரைப்பானிற் கரைந்த அமிலமும். மூன்றும் ஒரே பெட்டியில் 37 பாகையில், நூற்றுக்கு 5 பங்கு காபனீரொட்சைட்டில் இருத்தல் வேண்டும். ஊடகத்திற் சேர்க்கும் கன்றின் குருதிநீர்ப்பாயமும் ஒரே போத்தலிலிருந்து வருதல் வேண்டும். ஏனெனில் நீர்ப்பாயத்திலேயே சிறிது விற்றமின் ஏ உண்டு. அதிலுள்ள அல்புமின் என்னும் புரதம் அமிலத்தைப் பற்றிக்கொள்ளவும் செய்யும்.

இரண்டாம் வகைக் கிண்ணம் எதற்கு எனச் சிலர் வினவுவர். அமிலம் சேர்த்தது, சேர்க்காதது என்னும் இரண்டும் போதாவோ? போதா. 1978 இலேயே, அமிலம் எதுவுமின்றி இருமெதயில் சல்பொட்சைட்டு மட்டுமே, நூற்றுக்கு ஏறக்குறைய 1.3 பங்கு சேர்ந்தால், இதே எச்.எல். 60 கலங்களை முதிரச் செய்யும் என்று காட்டப்பட்டிருந்தது. சேமக்கரைசலை மிக ஐதாக ஆக்கிய மாணவன், வேண்டிய அமிலத்தைச் சேர்ப்பதற்காகக் கரைப்பானை நூற்றுக்கு ஒரு பங்குவரை ஊற்ற நேரிடும். கலங்கள் முதிரும், அவனும் மகிழ்வான், ஆனால் முதிரச் செய்தது விற்றமினோ கரைப்பானோ என்பதை அவன் அறியான். இரண்டாம் கிண்ணமே இங்கு மூடிய இலை.

ஐந்தாம் ஆறாம் நாளில், நைதரோநீலத் தெத்திரசோலியம் என்னும் மஞ்சள் நிறக் கரைசலைக் கலங்களோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். முதிர்ந்து நுண்ணுயிரைக் கொல்லுந் திறன் பெற்ற வெண்குழியம், தூண்டப்பட்டதும், அக்கரைசலைக் கருநீல மணிகளாக மாற்றும், இளங்கலம் மாற்றாது. அயடீன் பட்ட இலையின் நிறமே ஈண்டும் நுணுக்குக்காட்டியின் கீழ்த் தோன்றுதல் காண்க. இருநூறு கலங்களை எண்ணி, நீலமானவை எத்தனை எனக் குறித்தல் வேண்டும். எண்ணுபவர்க்கு எது எக்கிண்ணம் எனத் தெரியாதவாறு மற்றொருவர் பெயர்களை மறைத்தல் நன்று. விரும்பியதைக் காண்பது மனிதக் கண்ணின் இயல்பன்றோ? இறந்த கலங்களையும் வேறாக எண்ணுதல் இன்றியமையாதது. கலம் இறத்தல், பெருகாது நிற்றல், முதிர்தல் ஆகிய மூன்றும் வெவ்வேறு நிகழ்ச்சிகள். மொத்தத் தொகை குறைந்தது என்பதொன்றே இம்மூன்றில் எது நிகழ்ந்தது எனக் காட்டாது. ஈற்றில், முழுப் பரிசோதனையையும் வேறு வேறு நாள்களில் மும்முறையேனும் செய்தல் வேண்டும்.

4. கிண்ணம் சொல்லியதும் சொல்லாததும்

சீனாவில் ஷாங்காய் நகரத்து மருத்துவராகிய வாங் சென்யீயும் அவர்தம் குழுவினரும் இவ்வமிலத்தை நோயாளர்க்கே கொடுத்தனர். கடிய முன்மைலக்குழியக் குருதிப் புற்றுநோய் என்னும் வகையினரான 24 பேரைப் பற்றி அவர்கள் 1988 இல் வெளியிட்ட முடிவு உலகை வியப்பில் ஆழ்த்தியது. 23 பேர் அமிலத்தால் மட்டுமே நோய்க்குறி நீங்கினர். எஞ்சிய ஒருவர் வேறு மருந்தொன்றும் சிறிதளவு சேர்த்தபோது நீங்கினார். குருதி கசிந்து சில நாள்களிலேயே உயிர் போக்கும் கொடுநோய் அது.

இங்கே ஒரு விந்தையைக் கவனித்தல் வேண்டும். எச்.எல். 60 கலங்கள் இதே நோயினதாகவே நெடுநாள் கருதப்பட்டன. 1988 இல் பழைய பதிவுகளை மீள ஆராய்ந்தபோது, அக்கலங்களைத் தந்த நோயாளிக்கு இருந்தது வேறொரு வகைக் குருதிப் புற்றுநோய் எனத் தெரியவந்தது. முன்மைலக்குழிய நோயில் 15 ஆம், 17 ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம்மாறி, இரெற்றினோயிக்கமில வாங்கியின் பரம்பரையலகு வேறொன்றோடு ஒட்டிக்கொள்ளுகின்றது என்பது 1990 அளவில் விளங்கியது. அம்மாற்றம் எச்.எல். 60 இல் இல்லை. கிண்ணத்தில் எச்.எல். 60 முதிர்ந்தது உண்மை. ஆயினும் அதன் சொந்த வகை நோயுடையார்க்கு இவ்வமிலம் அத்தகைய பயனைத் தரவில்லை. கிண்ணம் வழிகாட்டியது, எந்த வாயிலுக்கு என்பதைச் சரியாகச் சொல்லவில்லை.

கிண்ணம் சொல்லாதவை வேறும் உள. அமிலத்தை மட்டும் பெற்ற நோயாளரிற் பெரும்பாலார்க்குச் சில மாதங்களில் நோய் மீண்டது. பிற மருந்துகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒருங்கே முதிரும் கலங்கள் காய்ச்சலையும் மூச்சுத்திணறலையும் விளைத்துச் சிலரின் உயிரையே பறித்தன. நுரையீரல் இல்லாத கிண்ணம் இதனை எங்ஙனம் முன்கூட்டிச் சொல்லும்? மருந்தின் விலையும் கிண்ணத்திற் காணப்படாத ஒன்றே. தமிழ்நாட்டு வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலே விக்கிரம் மத்தியூஸ், மம்மன் சாண்டி முதலிய மருத்துவர், இச்செலவைத் தாங்கமாட்டாதாரை மனத்திற்கொண்டு, 1998 முதல் 2004 வரை 72 நோயாளர்க்கு ஆசனிக்கு மூவொட்சைட்டை மட்டுமே கொடுத்துப் பார்த்தனர். 86 வீதமானோர் நோய்க்குறி நீங்கினர் என 2006 இல் அவர்கள் வெளியிட்டனர். நம் முன்னோர் வெள்ளைப் பாஷாணம் என்ற பொருளே அது. மருத்துவமனையில் அளந்து நாளத்திற் செலுத்தியதாலேயே மருந்தாயிற்று என்பதையும், தாமாக உண்பார்க்கு அது நஞ்சே என்பதையும் மறத்தலாகாது. ஒட்டிக்கொண்ட அப்புரதத்தின் ஒரு பாதியில் அமிலமும் மறு பாதியில் ஆசனிக்கும் தொழிற்படுகின்றன. 2013 இல் இத்தாலிய, செருமானிய மருத்துவர் இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, மிகு ஆபத்தில்லா நோயாளர்க்குப் பழைய நச்சு மருந்துகளின்றியே குணம் காணலாம் என நிறுவினர்.

இன்னுமொன்று கூறாதொழிதல் தகாது. இளங்கலத்தை முதிரச் செய்யும் இவ்வாற்றலே, கருவிலுள்ள குழந்தையின் அவயவங்கள் உருவாகும் வேளையிற் பெருங்கேடு விளைக்கும். முகப்பருவுக்கு உட்கொள்ளும் ஐசோதிரெற்றினோயின் என்பது இவ்வமிலத்தின் மாற்றுவடிவமே. கருவுற்ற பெண்டிரும் கருவுறக்கூடுவோரும் மருத்துவரின் கண்காணிப்பின்றி அதனைத் தொடுதலும் ஆகாது. விற்றமின் ஏ குளிசைகளையும் கருவுற்ற காலத்தில் நாளொன்றுக்கு 10,000 அலகுக்கு மேற் கொள்ளலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கீரைக்கும் பழத்துக்கும் இவ்வச்சம் இல்லை; அவற்றிலுள்ள கரற்றீனை உடல் தன் தேவையளவே மாற்றிக்கொள்ளும். ஆய்வுகூடத்திற் பணிபுரியும் நம் மகளிரும் இப்பொடியைக் கையாளும்போது கையுறையும் மூக்குமூடியும் அணிதல் வேண்டும்.

5. நமக்குரிய பாடம்

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் அடையக்கூடிய தொலைவிலேயே, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மூலக்கூற்று உயிரியல் நிறுவகத்தில் இன்று கலவளர்ப்பு நடைபெறுகின்றது. நம் நாட்டு மூலிகைகளின் சாறுகள் புற்றுநோய்க் கலங்களின்மீது சோதிக்கப்படுகின்றன. நம் பிள்ளைகள் பலர் இத்துறையிற் புகுகின்றனர். இது மகிழ்தற்குரியது. ஆயின், "இன்ன இலை புற்றுநோயைக் கொல்லும்" என்னும் செய்தி பத்திரிகையில் வந்தவுடன், மஹரகம மருத்துவமனையிற் பெறும் சிகிச்சையை இடையில் நிறுத்திவிட்டு அவ்விலையைத் தேடி அலைவாரும் நம்மிடையே இல்லாமலில்லை. அவ்வாறு இழக்கும் நாள்கள் மீளா.

ஆதலின் அத்தகைய செய்தியைக் காணும் எவரும் மூன்று வினாக்களை வினவுக. கரைப்பான் மட்டும் சேர்த்த கிண்ணம் இருந்ததோ? கலம் இறந்ததோ, நின்றதோ, முதிர்ந்ததோ, எது எண்ணப்பட்டது? கிண்ணத்திற் கண்டது மனிதரிடத்தும் சோதிக்கப்பட்டதோ? மூன்றுக்கும் விடை கிடையாதவிடத்து, அச்செய்தி ஆராய்ச்சியின் தொடக்கமேயன்றி முடிவன்று. இவ்வினாக்களைத் தொடுக்கப் பெரும் பட்டம் எதுவும் வேண்டுவதில்லை. பள்ளிப் பருவத்தில் ஓர் இலையைக் கறுத்தத் தாளால் மூடிய கையும், அது நீலமாகாமை கண்ட கண்ணுமே போதும்.

இந்த யூபிலி ஆண்டிற் கல்லூரிக்கு நாம் செய்யும் நன்றி பலவகைப்படலாம். மண்டபத்துக்கும் நூலகத்துக்கும் பொருள் ஈவார் ஈக. நம் வீட்டிலுள்ள பிள்ளைக்கு, மூடிய பகுதியே உண்மையைச் சொல்லிற்று என்பதை ஒருநாள் ஓர் இலையை வைத்துக் காட்டுதலும் அந்நன்றியுள் ஒன்றாகும்.